மலையகத் தமிழர் நாடற்றோரான வரலாறு: காரணங்களின் பன்மை பற்றிய ஒரு நோக்கு

குடம் ஒன்று தோன்றுவதற்கு மூவகைக் காரணங்கள் வேண்டும் என்பது சைவசித்தாந்தம் பயில்வோர் தொடக்கத்திலேயே கற்கும் பாடமாகும். மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். இம்மூன்றில் எதுவொன்று இல்லையாயினும் குடம் இல்லை. மண் இருந்தமையால் குடம் தோன்றிற்று என்பாரும், குயவன் இருந்தமையால் குடம் தோன்றிற்று என்பாரும் முழுவுண்மையைக் கூறியவர் ஆகார்.

வரலாற்று நிகழ்ச்சிகளை விளக்கப் புகும்போது இவ்வெளிய பாடம் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகின்றது. ‘இதற்குக் காரணம் யாது?’ என்று ஒருமையிலே வினவுகின்றோம். விடையையும் ஒருமையிலேயே எதிர்பார்க்கின்றோம். ஈ. எச். கார் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர் 1961 இல் வெளியிட்ட ‘வரலாறு என்றால் என்ன?’ என்னும் நூலிலே, வரலாற்றாசிரியன் பல காரணங்களைத் தேடித் திரட்டுவதோடு அமையாது, அவற்றை ஒன்றற்கொன்று தொடர்புபடுத்தி வரிசைப்படுத்தவும் கடமைப்பட்டவன் என்பதை வலியுறுத்துவார். காரணங்களை அடுக்கிச் செல்வது பட்டியல். அவை எவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்து தொழிற்பட்டன எனக் காட்டுவதே வரலாறு.

இந்நோக்கில் ஆராயத்தக்க நிகழ்ச்சிகளுள் மலையகத் தமிழர் குடியுரிமை இழந்த வரலாறு தலையாயது. 1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் வாழ்ந்த இந்தியத் தமிழர் சுமார் 780,000 பேர். மொத்தச் சனத்தொகையில் நூற்றுக்கு 11.7 வீதத்தினர். 1948, 1949 ஆகிய ஈராண்டுகளில் நிறைவேறிய மூன்று சட்டங்களின் விளைவாக இவர்களிற் பெரும்பாலோர் நாடும் வாக்கும் அற்றவராயினர். அந்நிலை முற்றாக நீங்குவதற்கு ஐம்பதாண்டுகளுக்கு மேல் எடுத்தது.

இதற்குக் கூறப்படும் விளக்கங்கள் பல. பேரினவாதமே காரணம் என்பர் ஒரு சாரார். இடதுசாரி இயக்கத்தை முறியடிக்க முதலாளி வர்க்கம் செய்த சூழ்ச்சி என்பர் இன்னொரு சாரார். பிரித்தானியர் விதைத்ததன் அறுவடை என்பாரும், இந்தியா கைவிட்டமையே காரணம் என்பாரும், தலைவர்கள் தவறவிட்டனர் என்பாரும் உளர். இவற்றுள் எதுவும் பொய்யன்று. எதுவும் தனித்து நின்று போதுமானதுமன்று. இவை எவ்வாறு கூடித் தொழிற்பட்டன என்பதையும், ஒரு நிலையைத் தோற்றுவித்த காரணங்களும் அதனை நீடிக்கச் செய்த காரணங்களும் ஒன்றல்ல என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பயிரும் குடியிருப்பும்

முதலில் நிலத்தையும் பயிரையும் நோக்குவோம். 1820 களில் கம்பளைப் பகுதியிலே தொடங்கிய கோப்பிச் செய்கைக்கு அறுவடைக் காலத்திலேயே பெருந்தொகையான தொழிலாளர் தேவைப்பட்டனர். தமிழகத்தின் வரண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரின் கீழ் வந்தோர் கோப்பி பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினர். அவர்கள் இந்நாட்டிலே வந்துபோவோராக இருந்தனரேயன்றிக் குடிகளாக இருக்கவில்லை. 1869 இல் காணப்பட்ட இலை நோய் அடுத்த இருபதாண்டுகளுள் கோப்பியை அழித்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கியிருந்த தேயிலைச் செய்கை அதனிடத்தைப் பிடித்தது.

தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. ஆகவே ஆண்டு முழுவதும் தோட்டத்திலே தங்கியிருக்கும் தொழிலாளர் வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். எனவே குடும்பங்கள் வேண்டும். லயங்கள் நிலையான குடியிருப்புகளாயின. பிள்ளைகள் அங்கேயே பிறந்தனர். பெற்றோர் அங்கேயே மாண்டனர். வந்துபோன மக்களை வாழுங் குடிகளாக மாற்றியது எந்த அரசின் கொள்கையுமன்று. ஒரு பயிரின் இயல்பே அம்மாற்றத்தை நிகழ்த்திற்று. பிற்காலத்துக் குடியுரிமைப் பிரச்சினையின் முதற்காரணம், அஃதாவது மண், இங்கேயே உள்ளது. கோப்பி நிலைத்திருந்தால் அப்பிரச்சினை இவ்வடிவில் எழுந்திராது.

இதே வேளையில் மலைநாட்டுச் சிங்களக் கிராமங்களின் நிலையையும் கருதல் வேண்டும். உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாகக் கொள்ள 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வழிசெய்தது. அந்நிலங்கள் துரைமாருக்கு விற்கப்பட்டன. விற்கப்பட்டவற்றுள் எவ்வளவு உண்மையிலே கிராமத்தாரின் பயன்பாட்டிலிருந்தது என்பது பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும் கிராமங்கள் விரிவடைவதற்கு இடமின்றித் தோட்டங்களாற் சூழப்பட்டன என்பதில் ஐயமில்லை.

இதனை நூல்களிலன்றி நிலத்திலேயே காணவேண்டின் கினிகத்தேனைப் பகுதி தக்க சான்றாகும். களனிப் பள்ளத்தாக்கிலிருந்து கித்துள்கலை வழியாக ஹற்றனுக்கு ஏறிச்செல்லும் வீதியும் நாவலப்பிட்டியிலிருந்து வரும் வீதியும் கூடுமிடம் அது. தாழ்வான இடங்களில் வயல்களும் பலா, கித்துள் நிறைந்த சிங்களக் குடியிருப்புகளும், சரிவுகளிலே தேயிலையும் லயங்களும் அமைந்திருக்கும். ஒரே மலையில், ஒரே மழையில், ஒரே கடைத்தெருவைப் பயன்படுத்தி வாழ்ந்த இவ்விரு மக்களையும் நிர்வாகம் இரண்டாகவே வைத்திருந்தது. கிராமம் தலைமைக்காரரின் ஆளுகையிலும், தோட்டம் துரையின் ஆளுகையிலும் இருந்தன. நிலத்தை எடுத்தவர் துரை. நிலமிழந்தவர் கண்ணுக்கு முன் நின்றவரோ தொழிலாளி. ஆத்திரம் தூரத்திலுள்ளாரை விட்டு அருகிலுள்ளாரைப் பற்றுவது மனித இயல்பு. அவ்வாத்திரத்தை அரசியல் பின்னர் எடுத்தாண்டது.

எனினும் இவையெல்லாம் சேர்ந்தும் நாடற்ற நிலையை உண்டாக்கிவிடமாட்டா. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலும் தமிழ்த் தொழிலாளர் நிலையாகக் குடியேறியிருந்தனர். அங்கும் பெரும்பான்மையினரின் அச்சம் இருந்தது. ஆயினும் மலாய இந்தியக் காங்கிரஸ் 1954 இல் ஆளுங் கூட்டணியிலே சேர்ந்தது. 1957 இல் அந்நாடு சுதந்திரமடைந்த வேளையில் குடியுரிமை இன அடிப்படையிலான கட்சிகளின் பேரத்துக்குரிய பொருளாயிற்று. அங்கும் உரிமை பெறாது விடப்பட்டோர் உண்டு. ஆனால் ஒரு சமூகம் ஏறக்குறைய முழுமையாக நீக்கப்படவில்லை. ஆகவே தோட்டப் பொருளாதாரம் வேண்டிய காரணம், போதிய காரணமன்று.

வாக்கும் அச்சமும்

அடுத்து நோக்கற்பாலது வாக்குரிமையின் வரலாறு. 1928 இல் வெளியான டொனமூர் அறிக்கை சர்வசன வாக்குரிமையை விதந்துரைத்தது. இந்தியத் தொழிலாளர் பெருந்தொகையாக வாக்காளராவதைச் சிங்களத் தலைவர்கள், சிறப்பாகக் கண்டிப் பகுதித் தலைவர்கள், எதிர்த்தனர். இறுதியில் நிலையான வதிவிடத்தை மெய்ப்பித்தோர், அல்லது கல்வி, சொத்துத் தகைமை உடையோர், அல்லது நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெற்றோர் மட்டுமே வாக்காளராகலாம் என்ற வரையறை விதிக்கப்பட்டது. வாக்குரிமையை வழங்கிய அதே கட்டத்திலேயே அதனைச் சான்றுகளோடு பிணைத்துவைக்கும் முறையும் பிறந்துவிட்டது. 1948 ஆம் ஆண்டின் சட்டம் வெறுவெளியிலிருந்து தோன்றியதன்று.

இவ்வரையறைகளையும் கடந்து 1931 இல் சுமார் ஓரிலட்சம் இந்தியத் தமிழர் வாக்காளராயினர். அப்பத்தாண்டின் முடிவில் அத்தொகை இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டது. 1931 இல் ஹற்றனிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற பெரி. சுந்தரம் தொழிலமைச்சரானார், 1936 இல் அத்தொகுதியிலே கோ. நடேசையர் வெற்றி பெற்றார். உலகப் பொருளாதார மந்தம் வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பெருக்கிய காலமும் இதுவே. 1939 இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிகளாயிருந்த இந்தியரை விலக்கும் நடவடிக்கை தொடங்கியது. இந்தியா அதற்கு மறுமொழியாக அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் முதல் தொழிலாளர் இங்கு வருவதைத் தடைசெய்தது. அவ்வாண்டிலேயே இலங்கை இந்தியக் காங்கிரசும் தோன்றிற்று.

1940 களில் இரு போக்குகள் கூர்மையடைந்தன. ஒன்று தொழிற்சங்கப் போராட்டம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திலே பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். லங்கா சமசமாசக் கட்சி தோட்டத் தொழிலாளரிடையே செல்வாக்குப் பெறலாயிற்று. மற்றையது நிலப்பிரச்சினை. கேகாலை மாவட்டத்து நேவிஸ்மியர் தோட்டத்தைக் கிராமத்தாருக்குப் பகிர்ந்தளிப்பதற்காக அரசாங்கம் சுவீகரித்து, அங்கு வாழ்ந்த தொழிலாளரை வெளியேறப் பணித்தபோது, 1946 இல் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. நிலமற்ற கிராமத்தான், வேறு போக்கிடமற்ற தொழிலாளி ஆகிய இரு வறியவர்களின் நியாயங்கள் அங்கே நேருக்கு நேர் மோதின. அந்நிலத்தின் முன்னைய வரலாற்றுக்குப் பொறுப்பானவர் எவரும் அம்மோதலில் இருக்கவில்லை.

1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் இவ்வனைத்தையும் ஒரு புள்ளியிலே குவித்தது. தெரிவு செய்யப்பட்ட 95 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 42 ஆசனங்களே கிடைத்தன. இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் ஆகியோர் அவர்களுட் சிலர். வேறு பல தொகுதிகளிலே தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளரின் வெற்றிக்குத் துணையாயின என்பதும் ஆய்வாளர் கருத்தாகும்.

இங்கு ‘இனமா, வர்க்கமா?’ என்னும் வினாவை எழுப்புவோர்க்கு ஒரு சோதனையைக் கூறலாம். இனப்பகை மட்டுமே காரணமாயின் யாழ்ப்பாணத் தமிழரின் வாக்குரிமை அப்போது பறிக்கப்படாதது ஏன்? வர்க்கப்பகை மட்டுமே காரணமாயின் இடதுசாரிகளுக்கே வாக்களித்து வந்த கொழும்புச் சிங்களத் தொழிலாளரின் வாக்குரிமை தப்பியது எவ்வாறு? தமிழராயும், தொழிலாளராயும், அண்மைத் தலைமுறைகளிலே கடல் கடந்து வந்தோராயும், கண்டித் தொகுதிகளிலே தேர்தல் முடிவைத் தீர்மானிக்கத்தக்க எண்ணிக்கையினராயும் இருந்தமை ஆகிய நான்கும் ஒரே மக்களிடத்துச் சந்தித்தன. இவற்றுள் ஒவ்வொன்றும் வெவ்வேறு தரப்பினரை அவர்களுக்கு எதிராகத் திருப்பியது. இனவாதிக்கு ஒரு நியாயமும், முதலாளிக்கு வேறொன்றும், நிலங்கோரிய கிராமப் பிரதிநிதிக்கு மற்றொன்றும், ஆளுங் கட்சியின் தேர்தற் கணக்கர்க்கு இன்னொன்றும் இருந்தன. அவர்கள் ஒருமித்த நோக்கங் கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரே சட்டத்துக்குக் கை உயர்த்தியமையே போதுமானதாயிற்று. சூழ்ச்சி என்ற ஒற்றைச் சொல் இக்கூட்டைச் சரியாக உணர்த்துவதில்லை.

சட்டத்தின் வடிவம்

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15 ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. இலங்கையிலே பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்குத் தம் தந்தையேனும், அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இந்நாட்டிற் பிறந்தவர் எனக் காட்டுதல் வேண்டும். 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம், திருமணமானோர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் 1946 இன் தொடக்கத்துக்கு முன் இடையறாது வதிந்தமையை மெய்ப்பிப்பின் பதிவுப் பிரசைகளாகலாம் என்றது. அவ்வாண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டம் பிரசைகளுக்கே வாக்குண்டு என வரையறுத்தது. முதலாவது சட்டம் நாட்டை எடுத்தது. மூன்றாவது வாக்கை எடுத்தது. இடையிலிருந்த இரண்டாவது, திரும்பி வருவதற்கு ஒரு குறுகிய வாசலை அமைத்தது.

இச்சட்டங்களின் வாசகத்திலே தமிழர், தோட்டத் தொழிலாளர் என்னும் சொற்களைக் கொண்டு எவரும் விலக்கப்படவில்லை. பாட்டனின் பிறப்பை மெய்ப்பிக்கும் சான்று மலைநாட்டுச் சிங்கள விவசாயிகள் பலரிடத்தும் இருந்திராது. ஆனால் அவர்களிடம் அதனை யாரும் கேட்கவில்லை. விதி எல்லோருக்கும் பொதுவானது. மெய்ப்பிக்கும் சுமை ஒரு சாராருக்கே உரியதாயிற்று. ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் விளைக்கும் சட்டங்களைச் சோல்பரி அரசியலமைப்பின் 29(2) ஆம் பிரிவு தடுத்திருந்தும் இச்சட்டங்கள் தப்பியமைக்கு இவ்வடிவமே காரணம். கினிகத்தேனைக்குக் கீழே களனிப் பள்ளத்தாக்கிலுள்ள ருவன்வெல்லைத் தொகுதியின் வாக்காளர் பட்டியலிலிருந்து எழுந்த கோடகன்பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவுக் கவுன்சில் வரை சென்றது. 1953 இல் அம்மன்று இச்சட்டங்கள் செல்லுபடியானவை எனத் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் சட்டத்தின் முகத்தை நோக்கியது; அதன் நிழல் எவர்மீது விழுந்தது என்பதை நோக்கவில்லை.

பதிவு நடைமுறையும் தன் பங்கினைச் செய்தது. இரண்டாண்டு காலத்துள் சுமார் 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் கிடைத்தன. அவர்களுள் பிரசைகளாக ஏற்கப்பட்டோர் சுமார் 134,000 பேரே. லயத்திலே பிறந்து, பெயர்ப்பதிவேட்டைத் துரையின் அலுவலகத்திலே விட்டுவைத்த மக்களிடம் எழுத்துச் சான்றுகள் கேட்கப்பட்டன. திருமணத்துக்கோ திருவிழாவுக்கோ ஊர் சென்று வந்த பயணமும் இடையறாத வதிவுக்கு எதிரான சான்றாகக் கூடியதாயிற்று.

தமிழ்த் தலைமைகளின் நிலைப்பாட்டையும் மறைத்தலாகாது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த ஜி. ஜி. பொன்னம்பலம் பின்னர் அமைச்சரவையிற் சேர்ந்து 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தார். அப்பிளவிலிருந்தே எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையிலான தமிழரசுக் கட்சி 1949 டிசெம்பரிலே பிறந்தது. இலங்கை இந்தியக் காங்கிரசும் தொடக்கத்திலே பதிவைப் புறக்கணிப்பதென முடிவுசெய்து பின்னரே அதனை மாற்றிக்கொண்டது. குறுகிய வாசல் திறந்திருந்த காலத்தின் ஒரு பகுதி இவ்வாறு கழிந்தது. இத்தவறுகள் நிலைமையைத் தோற்றுவித்தவை அல்ல. அதன் கடுமையைக் கூட்டியவை.

பாக்கு நீரிணையின் மறுகரை

இலங்கைப் பாராளுமன்றத்தின் சட்டங்கள் ஒருவரை இலங்கையர் அல்லர் எனக் கூறலாமேயன்றி நாடற்றவர் எனச் செய்துவிட மாட்டா. இன்னொரு நாடும் அவரை ஏற்காதபோதே அவர் நாடற்றவராகின்றார். 1947 டிசெம்பரிலே நேருவும் டி. எஸ். சேனநாயக்காவும் நடாத்திய பேச்சுக்கள் உடன்பாடின்றி முடிந்தன. இலங்கையிலே நிலையாக வாழ்வோர் இலங்கைக்கே உரியர் என்பது இந்தியாவின் நிலைப்பாடு. கொள்கையளவில் அது நியாயமானதே. 1950 இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 8 ஆம் உறுப்புரை கடல் கடந்து வாழும் இந்திய வம்சாவளியினர் பதிவின்மூலம் குடியுரிமை பெற இடமளித்தது. தாமாகவே அவர்கள் இந்தியராகிவிடவில்லை. இருநாட்டு நிலைப்பாடுகளும் தத்தம் அளவிலே தருக்கத்துக்கு இயைந்தவை. அவ்விரண்டின் இடைவெளியிலே ஒரு மக்கட் கூட்டம் வீழ்ந்தது. எவரும் தனித்து எண்ணியிராத விளைவொன்று பலரின் செயல்களால் உண்டாவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

நிலை நீடித்தமையின் காரணங்கள்

இனிக் குடத்தின் உவமை நமக்கு உதவாத ஓரிடத்துக்கு வருகின்றோம். குடம் ஒருமுறை வனையப்பட்டபின் குயவன் வேண்டுவதில்லை. நாடற்ற நிலையோ ஒவ்வொரு தலைமுறையிலும் மீண்டும் மீண்டும் வனையப்பட வேண்டியதாகும். லயத்திலே புதிதாகப் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் அந்நிலைக்கு உரியதாக்கப்பட்டது. 1949 இல் இருந்த அச்சங்கள் மாறிய பின்னரும் அது நிகழ்ந்ததாயின், அதனை நடாத்திய காரணங்கள் வேறாக இருத்தல் வேண்டும்.

முதலாவது, தேர்தற் கணிதம். தொகுதிகள் வாக்காளர் தொகையைக் கொண்டன்றிச் சனத்தொகையையும் நிலப்பரப்பையும் கொண்டு வகுக்கப்பட்டன. வாக்கற்ற தொழிலாளரும் தொகுதி வகுப்பதற்கு எண்ணப்பட்டனர். அதனால் மலைநாட்டுத் தொகுதிகளிலே சிறுதொகையினரான வாக்காளர் பெருந்தொகையினரின் எடையைப் பெற்றனர். 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 54 ஆசனங்களைப் பெற்றது. ஏழு பிரதிநிதிகளை அனுப்பிய சமூகத்திலிருந்து ஒருவரேனும் தெரிவாகவில்லை. அச்சத்தினால் தொடங்கிய ஒன்று இப்போது ஆதாயமாக மாறியது. அவ்வாதாயம் ஆளுங் கட்சிக்கு மட்டும் உரியதன்று. மலைநாட்டிலே போட்டியிட்ட எக்கட்சிக்கும் அது உரியதாயிற்று.

இரண்டாவது, வாக்கில்லாதோர் அரசியலிலே மறக்கப்படும் நியதி. 1948 இல் இச்சட்டங்களை உறுதியாக எதிர்த்த லங்கா சமசமாசக் கட்சி 1964 ஜூனில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் கூட்டரசாங்கத்திலே சேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எண்களாகப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பிந்திய முடிவுக்கு என அது வகுத்தது. 1974 இல் அவ்வெச்சமும் செப்பமாக இரு பாதிகளாக்கப்பட்டது. எந்த மக்களைப் பற்றி ஒப்பந்தம் செய்யப்பட்டதோ அவர்கள் அதன் தரப்பினராக இருக்கவில்லை.

மூன்றாவது, நடைமுறையின் மெத்தனம். இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோர் தொகை ஒப்பந்தத்தின் 525,000 ஐ எட்டவில்லை. இலங்கையை விரும்பியோரோ ஒதுக்கப்பட்ட தொகையினும் மிகுதியாயினர். மக்கள் எங்கு வாழ விரும்பினர் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை. ஒரு புறத்துக் கணக்கு மறுபுறத்துக் கணக்கோடு விகிதத்திலே பிணைக்கப்பட்டிருந்தமையால் ஒன்றின் தாமதம் மற்றதையும் தாமதப்படுத்தியது. 1984 இல் தலைமன்னார்க் கப்பற் சேவை நின்றதும் இந்தியக் குடியுரிமை பெற்றிருந்தோரும் இங்கேயே தங்க நேர்ந்தது.

தோற்றத்துக்கும் நீடிப்புக்கும் வெவ்வேறு காரணங்கள் இருந்தவாறே முடிவுக்கும் வேறு காரணங்கள் இருந்தன. படிப்படியாகப் பதிவுப் பிரசைகளானோரின் வாக்குகளால் 1977 இல் தொண்டமான் மீண்டும் பாராளுமன்றம் சென்றார். 1978 இல் அமைச்சரானார். தொழிற்சங்கத்தின் ஒன்றுபட்ட பலம் பேரம்பேசும் பலமாயிற்று. வடக்கிலே போர் மூண்ட வேளையில் மலையகத்தை அமைதியாக வைத்திருப்பது அரசாங்கத்துக்குத் தேவையாயிற்று. வாக்கு மறுபடியும் விலைபெற்றது. 1986, 1988 ஆம் ஆண்டுகளின் சட்டங்களும், இறுதியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையை நீக்கின. 1948 இல் எண்ணிக்கையே அம்மக்களின் உரிமையைப் பறிப்பதற்கு ஏதுவாயிற்று. பிற்காலத்தில் அதே எண்ணிக்கை அதனை மீட்பதற்கு ஏதுவாயிற்று. சூழல் மாறுமிடத்து ஒரே காரணம் எதிர்மாறான விளைவைத் தருதல் சமுதாய வாழ்வின் சிறப்பியல்பாகும்.

பன்மையும் பொறுப்பும்

காரணங்கள் பல என்று கூறுவோர்மீது ஒரு குற்றச்சாட்டு எழுவதுண்டு. பயிர், பொருளாதார மந்தம், தேர்தல் முறை, அயல்நாட்டுக் கொள்கை என்று பொறுப்பை எங்கும் பரப்பிவிட்டால் அது எவரிடத்தும் தங்காது போய்விடும் என்பர். ‘சூழ்நிலையே காரணம்’ என்பது ஆளுவோர் விரும்பும் விடையுமாகும். இக்குற்றச்சாட்டு எளிதிலே தள்ளிவிடத்தக்கதன்று.

ஆயினும் மூவகைக் காரணம் பற்றிய பாடம் இதற்கும் விடை தருகின்றது. மண்ணும் சக்கரமும் வேண்டும் என்பதனால் குயவன் இல்லை என்றாகிவிடாது. தேயிலையோ மந்தமோ கை உயர்த்தி வாக்களிக்கவில்லை; மனிதரே வாக்களித்தனர். வேறுவகையாகவும் வாக்களித்திருக்க முடியும் என்பதற்கு அதே சபையிலே எதிர்த்து வாக்களித்தோரே சான்று. பன்மை நோக்குப் பொறுப்பைக் கரைப்பதில்லை. அதனைப் பகுத்துத் தருகின்றது. நிலத்தை விற்றவரின் பொறுப்பு, வாக்கைச் சான்றோடு பிணைத்தவரின் பொறுப்பு, சட்டத்தை இயற்றியவரின் பொறுப்பு, அதன் ஆதாயத்தை அனுபவித்து மௌனமாயிருந்தவரின் பொறுப்பு, தம் மக்களின் பெயரால் தவறிய தலைவரின் பொறுப்பு ஆகியன ஒரே அளவினவல்ல, ஒரே தன்மையனவுமல்ல. எல்லாவற்றையும் ஓரிடத்திலே குவிப்பவர் ஏனையோரை அறியாமலே விடுதலை செய்துவிடுகின்றார்.

இவ்வாராய்ச்சி பழங்கதை பற்றியதன்று. ஒற்றைக் காரணத்தை நம்புவோர் ஒற்றை மருந்தையே நம்புவர். குடியுரிமையின்மையே மலையகத்தின் நோய் என்றால் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நோய் தீர்ந்திருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதைக் கட்டுப்படுத்தியிருந்தது. 2018 இலேயே அது திருத்தப்பட்டது. அதுவரை சபைக்கு வாக்களித்த தொழிலாளியின் லயத்துக்குச் சபையின் வீதி வந்து சேருவதற்குச் சட்டமே தடையாயிருந்தது. துரையின் ஆளுகை வேறு, கிராமத்தின் ஆளுகை வேறு என்னும் பழைய பிரிவினை, குடியுரிமை மீண்ட பின்னரும் தன் தொழிலைச் செய்துகொண்டிருந்தது. லயம் தோட்டத்துக்கு உரியது, அதில் வாழ்பவருக்கு உரியதன்று என்னும் நிலையும் அவ்வாறே. மேலே முதற்காரணம் எனச் சுட்டப்பட்ட நிலமும் பயிரும் சார்ந்த அமைப்பு, அதன்மேல் எழுந்த அரசியல் விளைவு நீங்கியமையால் மட்டும் நீங்கிவிடாது.

ஆதலின் மலையகத்தின் வரலாற்றை எழுதப் புகும் மாணவர்க்கு இரு கடமைகள் உள. ஒரு விளைவுக்கு முன்னே நிற்கும் காரணங்களை முழுமையாகத் திரட்டி அவற்றின் பிணைப்பைக் காட்டுதல் ஒன்று. அவற்றுள் எவை மறைந்தன, எவை இன்னும் தொழிற்படுகின்றன எனப் பிரித்தறிதல் மற்றொன்று. முதலாவது வரலாற்றறிவுக்கு வேண்டுவது. இரண்டாவது, இன்றும் லயங்களிலே வாழ்ந்துவரும் மக்களுக்கு வேண்டுவது. பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்த அவர்தம் பிள்ளைகள் இவ்விரண்டாவதைப் பிறர் செய்வார் என விட்டுவிடுதல் தகாது.